கொதித்த பிரதமனும் குழாயடித் தீர்ப்பும்

போன மாதம் சர்க்கரை பார்க்க இடப்பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய லேபில் என் அண்ணன் பேத்தி வேலை பார்க்கிறாள். ஏசி, கண்ணாடிக் கதவு, மருந்து வாடைகூட இல்லாத சுத்தம். ஏதோ ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு வாந்தியெடுத்த ஒருவர், மீதிச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தாராம். "கல்ச்சர் போட்டோம் பாட்டி, தட்டிலே ஒரு கிருமியும் வளரல்லே. வெறுதே ஓட்டல்காரன் மேலே பழி போட்டிருக்கார்" என்று சிரித்தாள்.

"ஸ்லைடு பார்த்தியாடீ?" என்றேன்.

"அதை யாரும் கேக்கல்லியே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். யாரும் கேட்கவில்லையாம். யாரும் கேட்காததால் ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் மண் விழப்போன கதை எனக்குத் தெரியும். வரிசையில் ஆள் நிற்கும்போது பேத்தியிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தலைமுறைகள் கழிந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பெண்கள் பள்ளிக்கூட டீச்சராகலாம், பாங்கில் உட்காரலாம். சளியையும் சீழையும் தொடுகிற வேலைக்குப் போனவள் தெருவிலேயே நான் ஒருத்திதான். வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். குளிக்காமல் ஒரு டம்ளர் காப்பி கிடையாது. படித்தது, பரீட்சை எழுதியது எல்லாம் எல்லாருக்கும் போலத்தான், அதைச் சொல்லி நேரத்தைப் போக்கவேண்டாம். நான் உண்மையில் படித்தது ஏலியாம்மா டாக்டரிடம்.

ஏலியாம்மா டாக்டர்தான் எங்கள் லேபுக்குத் தலைவி. கோட்டயத்துக்காரி. அவர் ஊர்க் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டை முண்டு மாதிரி மொடமொடவென்று ஒரு கோட்டு, காலில் சத்தமே போடாத ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, எப்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார் என்று தெரியாது. பர்னர் எரியும் மேஜையருகே யாரும் பேசக்கூடாது. கிருமியைத் தொட்டெடுக்கும் கம்பி வளையத்தைத் தீயில் காட்டினால், நுனி மட்டும் சிவந்தால் போதாது, பிடி வரைக்கும் சிவக்க வேண்டும். "சுவந்நோ?" என்பார், சிவந்ததா என்று. சிவந்தது என்றாலும் நம்ப மாட்டார். இன்னொரு தடவை காட்டச் சொல்வார். கிருமி வளர்க்கும் தட்டின் மூடியை முழுக்கத் திறந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். என்னோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழும், எனக்கு அவருடைய மலையாளமும் பாதிப் பாதி ஒட்டிக்கொண்டது.

ரிப்போர்ட் எழுதுவதில் அவருக்கு ஒரே சட்டம். "அலமேலு, கண்டது எழுது. தோணினது எழுதண்டா."

இன்னொன்றும் அவரிடம் படித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொண்டை அடைப்பானோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. குழந்தைக்கு இதயம் தடுமாறுகிறது என்றார்கள். நான் ரத்தத்தை எடுத்துக் கிருமி தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பின்னால் வந்து நின்றார். "ரத்தத்தில் எந்தினு தேடறே? கள்ளன் தொண்டையில்தான் இரிக்குன்னான். அவன் விடுற விஷமாணு ஹார்ட்டு வரைக்கும் போறது" என்றார். கிருமி ஓரிடம், அதன் நஞ்சு வேறிடம் என்று என் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான். விஷமுறிவு மருந்து சீக்கிரம் போட்டதால் அந்தக் குழந்தை பிழைத்தது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவின் கல்யாணங்கள் சமூக மடத்தில்தான் நடக்கும். அது எங்கள் ஆட்களுக்கென்று இருந்த பொதுக் கூடம். அதன் செக்ரட்டரி விச்வநாத மாமா. கல்யாணம் அவர் பெண்ணுக்கு. சமையல் வைத்தி மாமா, தெருவில் எல்லா விசேஷத்துக்கும் கரண்டி பிடிக்கிறவர், சாதுவான மனுஷர். தண்ணீருக்குப் பேச்சி.

பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினான், இவள் தண்ணீர் தூக்கினாள். மட்டாஞ்சேரிக் கிணறுகளில் உப்புத்தான். தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. பேச்சி விடியும் முன்பே பள்ளுருத்தியிலிருந்து வந்து வரிசை போட்டு, தெரு முழுவதற்கும் குடம் குடமாகக் கொண்டுவருவாள். வந்தால் கொல்லைப்புறம் வரைக்கும்தான். எங்கள் பித்தளை அண்டாவைத் தொடக்கூடாது. குடத்தை உயரத் தூக்கி, விளிம்பு படாமல் ஊற்ற வேண்டும். இடுப்பொடிய அப்படி ஊற்றிவிட்டுப் போவாள். அதை நாங்கள் மடி என்று சொன்னோம். சொன்ன வாயை இன்றைக்குக் கழுவவேண்டும்போல் இருக்கிறது.

கல்யாணத்தன்று பாலடைப் பிரதமன். அரிசிமாவு அடைத் துண்டுகளும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கக் காய்ச்சின பாயசம். பந்திகளெல்லாம் முடிந்தும் உருளியில் நிறைய மிஞ்சிவிட்டது. "கொட்டப்படாது. நாளைக்குப் பாலை விட்டுச் சுண்டக் காய்ச்சினா இன்னும் ருசியாக்கும்" என்றார் விச்வநாத மாமா. வைத்தி மாமா உருளியைச் சாய்த்து, அடியில் ஒட்டினதைக் கையால் வழித்து அடுக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். விரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அடுக்கை மூடி உக்கிராண அறையில் வைத்தார்கள். கொச்சியின் மேடமாத, அதாவது சித்திரைமாதப் புழுக்கம், ராத்திரியிலும் விசிறி இல்லாமல் கண்மூட முடியாது. அந்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிற நாள். வழிக்குச் சாதம் கட்டிக்கொடுத்து, பந்தி போட்டு, பிரதமனை மறுபடி தளதளவென்று கொதிக்கவைத்துக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் பரிமாறியிருக்கிறார்கள். நான் டியூட்டிக்குப் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தா மாப்பிள்ளை வீட்டாரால் நிரம்பிவிட்டது. பட்டுப்புடவையோடு பெண்கள் பக்கெட்டில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா நாடி பிடிபடாமல் கிடந்தார். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ்கள் தவித்தார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மிஞ்சின பிரதமன் ஒரு பாட்டிலில், பேச்சியின் குடத்துத் தண்ணீர் இன்னொரு பாட்டிலில். "என்ன வளர்கிறது பாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கேட்டது அதுதான், செய்ததும் அதுதான். தட்டுகளில் தீற்றி இன்குபேட்டரில் வைத்தேன். பிரதமன் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. தண்ணீரில் குடல் கிருமிகள் வளர்ந்தன. கண்டதை எழுதினேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார். பிரதமன்: வளர்ச்சி இல்லை. தண்ணீர்: சாக்கடைக் கலப்பு உண்டு. ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அந்தப் பொய்யில்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடின ஆட்டம்!

"நம்ம பிரதமன் சுத்தம்னு கவர்மென்ட்டே எழுதிக் கொடுத்துடுத்து. அந்தத் தண்ணிக்காரிதான் ஏதோ கலந்துட்டா" என்றார் விச்வநாத மாமா, மடத்து வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி. காலையில் பேச்சி வரிசைக்கு வந்தபோது அவள் குடத்தைப் பிடுங்கி ஓடையில் உருட்டினார்கள். 'விஷக்காரி' என்றார்கள். இன்ஸ்பெக்டர் சொல்லி போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள். சித்தப்பாவுக்கு ஏதாவது ஆனால் கேஸ் வேறு மாதிரி ஆகும் என்று மிரட்டினார்களாம். இனி அந்தக் குழாயை அவள் தொடக்கூடாது.

நான் வீடு திரும்பியபோது எங்கள் கொல்லைக் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, குரல்தான் உடைந்திருந்தது.

"நீங்கதான் எழுதிக் குடுத்தியளாமேம்மா? எந்தண்ணியில வெசம்னு?"

"விஷம்னு எழுதல்லே பேச்சி. தண்ணி சுத்தமில்லேன்னுதான் இருக்கு."

"அது சுத்தமில்லைன்னு எனக்குத் தெரியாதா? கொழாயி ஓடைக்குள்ளதான கெடக்கு! அந்தத் தண்ணியத்தான் எம்புள்ளையளும் குடிக்கி. தெருவுல எல்லாரும் குடிக்காவ. நேத்துக் குடிக்கலையா, முந்தாநாத்துக் குடிக்கலையா? அவியளுக்கு மட்டும் எப்படிம்மா வாந்தி வரும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. விச்வநாத மாமா மேல், இன்ஸ்பெக்டர் மேல், அன்றைக்கு எங்கள் டாக்டர் மேலும்தான். கண்டது மட்டும் எழுது என்றால் போதுமா? எழுதினதை ஒருத்தி கழுத்தில் கல்லாகக் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதைப் பார்க்க வேண்டாமா?

மறுநாள் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. பேசக்கூடாத மேஜையருகே நின்றுதான் நான் கத்தினேன். மற்றவர்கள் திகைத்துப்போனார்கள். டாக்டர் பர்னரை அணைத்தார். ஸ்டூலை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

"சாப்பிட்டு எத்தனை நேரம் கழிச்சு சர்த்தி?" வாந்தியைத்தான் அப்படிக் கேட்டார்.

"பந்தி முடிஞ்சு வண்டி ஏறுறதுக்குள்ளே."

"காய்ச்சல்?"

"யாருக்கும் இல்லே."

"பிரதமன் குடிக்காத்தவருண்டோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையின் தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் பிரதமனைத் தொடவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தவர், திடமாக நின்று மற்றவர்களுக்கு முதுகு தடவிக்கொண்டிருந்தார். பிறகு மடத்துப் பூனையைப் பற்றிச் சொன்னேன். வழித்த அடுக்கை நக்கிவிட்டுக் கிணற்றடியில் அதுவும் வாந்தியெடுத்ததாம்.

"பூச்சையுடெ மொழி ரிப்போர்ட்டில் எழுதான் பற்றில்ல" என்றார். பூனையின் சாட்சியை ரிப்போர்ட்டில் எழுத முடியாதாம், சிரிப்பே இல்லாமல்தான் சொன்னார். "வேறே எந்து கண்டு?"

வைத்தி மாமாவின் விரல் துணியைச் சொன்னேன். கையால் வழித்ததைச் சொன்னேன். ஜன்னலில்லாத உக்கிராண அறையைச் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. எழுந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துவந்தார். ரிப்போர்ட் போன உடனே சாம்பிளைக் கொட்டக்கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். அன்றைக்கு அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம்.

அவரே ஸ்லைடு போட்டார். பிரதமனை ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி, உலரவிட்டு, தீக்கு மேலே காட்டினார். பாலின் கொழுப்பு கண்ணை மறைக்கும் என்று சைலால் ஊற்றி அதை நீக்கினார். பிறகு ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே அவசரமே படாமல் தண்ணீர் விட்டார். எனக்குத்தான் கை பரபரத்தது. மைக்ராஸ்கோப்பில் அவர் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

ஊதாநிற உருண்டைக் கிருமிகள், கொத்துக் கொத்தாக. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கொத்து. ஒன்றுமே வளராத பிரதமனில்!

"எல்லாம் சத்தது" என்றார் டாக்டர், செத்தவை என்று. "காலையில் கொதிக்க வச்சப்போ சத்துப்போயி. சத்தது தட்டில் வளருமோ? ஆனா ராத்திரி முழுக்க இது பெருகி விஷம் விட்டிருக்கு. இதின்டெ விஷம் கொதிச்சாலும் சாகாது."

தொண்டை அடைப்பானின் கிருமியாவது ஆளுக்குள் இருந்து நஞ்சு விட்டது. இது அடுக்குக்குள்ளேயே காரியத்தை முடித்துவிட்டுச் செத்திருக்கிறது. சுடச்சுடக் கொதிக்கவைத்ததுதான் தங்கள் சுத்தத்துக்குச் சாட்சி என்று அவர்கள் மார்தட்டிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கொதிப்புதான் தடயத்தைத் துடைத்திருந்தது.

ஆனால் ஸ்லைடில் கொத்தைப் பார்த்தால் மட்டும் போதாது என்றார் டாக்டர். இந்த இனத்தில் சாதுக்களும் உண்டு, எல்லார் தோலிலும் சும்மா குடியிருப்பவை. ரௌடி எது என்று தெரிய வேண்டும். வைத்தி மாமாவைக் கூட்டிவந்தேன். பயந்துபோய் வந்தார்.

"நான் குளிச்சு மடியாத்தானே இருந்தேன், அலமு? அந்தத் தண்ணிக்காரி குடம்கூட நம்ம அண்டால படல்லியே!"

துணியைப் பிரித்தால் நகக்கண்ணில் நல்ல சீழ்க்கட்டி. டாக்டர் அவரை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. பஞ்சுக்குச்சியில் சீழைத் தொட்டு எடுத்துவிட்டு, கட்டிக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். "கட்டியோடு எதுக்குச் சமைக்கப் போனேள்?" என்று நான்தான் கேட்டேன். "போகல்லேன்னா அடுத்த கல்யாணத்துக்கு வேறே ஆளைக் கூப்பிட்டுடுவாடீ" என்றார்.

சீழ் தட்டில் தங்க நிறத்தில் வளர்ந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, முயல் ரத்தத்தின் பிளாஸ்மா இருந்த குழாயில் கலந்து கதகதப்பில் வைத்தோம். சாதுவானால் குழாயைச் சாய்க்கும்போது தண்ணீராக ஓடும். ரௌடி வகை பிளாஸ்மாவை உறையவைக்கும். உடம்புக்குள் போனாலும் தன்னைச் சுற்றி அப்படித்தான் உறையவைத்துக் கோட்டை கட்டிக்கொள்ளும் என்பார் டாக்டர். எடுத்துச் சாய்த்தோம். தயிர்போல் உறைந்து, அசையாமல் நின்றது.

புது ரிப்போர்ட்டை டாக்டர் தன் கையால் எழுதினார். நஞ்சையே நேராகக் காட்டும் வசதி எங்கள் லேபில் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதினார். பிரதமனில் செத்த கிருமிகள் ஏராளம், சமையற்காரர் விரலிலும் அதே வகை, கொதித்தாலும் அழியாத நஞ்சை விடக்கூடிய வகை, நோயின் வேகமும் அதற்குப் பொருத்தம், தண்ணீர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கடைசியில், சமைத்த பாலுணவை ராத்திரி முழுக்கப் புழுக்கத்தில் வைத்ததுதான் பெரிய தவறு என்றும் எழுதினார். அதற்குள் சித்தப்பாவும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுவிட்டார்.

ரிப்போர்ட்டை விச்வநாத மாமாவிடம் நானே கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ வைத்தியை நிறுத்திடலாம். அந்தப் பொம்மனாட்டி வேணும்னா நாளைலேர்ந்து வரட்டும். இதைப் போய் நாலு பேர்கிட்டே சொல்லிண்டிருக்காதே, என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டாதே என்று சொன்னது யார்? ஜன்னலில்லாத அறையில் வைத்தது யார் சொல்லி? வேணும்னா வரட்டுமாம்! பழியைத் தெருவெல்லாம் கேட்கச் சொன்ன வாய்க்கு, அது தப்பு என்று சொல்ல மட்டும் ஜேபிதான் இடமா? வைத்தி மாமாவைச் சொன்னபடியே நிறுத்தினார்கள். விரல் ஆறினது, வேலை திரும்பவில்லை. எறணாகுளத்தில் யாரோ ஓட்டலில் சேர்ந்தார். விச்வநாத மாமா கடைசிவரை செக்ரட்டரியாகவே இருந்தார்.

நடந்ததை டாக்டரிடம் கொட்டினேன். அவர் ரிப்போர்ட்டின் கார்பன் நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். "குழாயில் சாம்பிள் எடுக்கணும். கார்ப்பரேஷனுக்கு எழுதணும். வா" என்றார். லேபை விட்டு அவர் சாம்பிளுக்கு இறங்கிப் போனதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பேச்சியை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். புதுக் குடத்தோடு வந்து, எட்டவே நின்றாள். பேச்சியை நிறுத்தியதிலிருந்து தாங்களே தண்ணீர் பிடிக்க வந்த தெருப் பெண்கள் எல்லாரும் குழாயடியில் இருந்தார்கள். டாக்டர் குழாய் மூக்கைத் தீயில் காட்டி, கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலில் பிடித்தார். கூட்டத்தில் ஒருத்தி குத்தலாகக் கேட்டாள்.

"தண்ணியிலே தோஷமில்லேன்னா டாக்டர் ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டுமே!"

"காய்ச்சாம ஞான் குடிக்கில்ல" என்றார் டாக்டர் பட்டென்று. "இது அழுக்குத் தண்ணிதான். உங்க குழாய் ஓடையில் கிடக்கு. அதுக்குக் கார்ப்பரேஷனைப் போய்க் கேளுங்க. இந்தப் பெண்ணு என்ன செய்யும்? கல்யாணத்தில் சர்த்தி வந்தது இதில் அல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அலமேலு, வாயிக்கு. தமிழில்." நகலைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். செத்த கிருமியை, வைத்த அறையை, கொதித்தும் சாகாத நஞ்சை, தண்ணீருக்கு ஆதாரம் இல்லை என்பதை, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் படித்தேன். வைத்தி மாமாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அன்று பேச்சியின் குடத்தை உருட்டினவள், தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

பேச்சி வரிசையின் முன்னால் வந்தாள். குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் நிமிர்ந்து, விச்வநாத மாமா வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தாள். பாதி சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. அவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"அந்த சன்னலுக்குக் கேட்டிருக்காதும்மா" என்றாள். "இன்னொரு மட்டம் படிங்க. சத்தமா."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.